தேதி கேட்டு வராத பிள்ளை

கோட்டைக்குப்பம்
20-10-2024

அன்புப் பேத்தி செவ்வந்திக்கு உன் ஆயா இருசம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

முதலில் நம் பிள்ளைகள் சங்கதி. உன் சித்தப்பா மகன் ஜெகதீஸ்வரனுக்கு மீஞ்சூர் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கழுத்து அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அவன் தம்பி ரஞ்சித் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். ஏரியில் ஆளாளுக்கு முறை வைத்து வலை போடுகிற பாடு இருக்கிறதே, அதில் உன் அண்ணன் பூபதிக்கு இந்தத் தடவை நல்ல இடமாகச் சீட்டு விழுந்திருக்கிறது. தை மாதம் பத்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் அவன் முறை. இறால் கூடுகிற நேரம். நீயோ ஹைதராபாத்தில் டாக்டருக்குப் படிக்கிறாய். அப்படித்தான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சலில் போன காது மட்டும் போனதுதான், எதிரில் வாயசைவைப் பார்த்தோ எழுதிக் காட்டினாலோ புரிந்துகொள்கிறேன். நீ போனில் பேசினால் எனக்குக் கேட்காது. பூபதி போனுக்கு எழுதி அனுப்பினாலோ படகுத்துறை முழுக்கப் படித்த பிறகுதான் என்னிடம் வருகிறது. ஆகவே நமக்குத் தபால்தான் சரி. அஞ்சாம் கிளாஸ் படிப்பு இதற்காவது உதவட்டும்.

உன் அண்ணி கீதாவுக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டது. நாள் குறித்திருப்பது தை ஒன்பது. சரியாகப் பூபதி முறைக்கு முதல் நாள்! பிள்ளை பிறந்த வீட்டான் பதினோரு நாள் வலையைத் தொடக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா? முறையை விட்டால் அடுத்த சுற்றுவரை கரையில் நின்று அடுத்தவன் கூடையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம் என்று முடிவு. டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் கேட்டாயிற்று. தீட்டும் கழிந்துவிடும், பூபதியும் வலையோடு இறங்குவான். கணக்குப் போட்டது நான்தான். ரஞ்சித்துக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

வேளைக்குச் சாப்பிடு. அங்கே காரம் அதிகமாமே.

இப்படிக்கு,
ஆயா

---

ஹைதராபாத்
1-11-2024

என் ஆயாவுக்கு செவ்வந்தி அன்புடன் எழுதுவது.

நான் சுகம். காரம் பழகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா எல்லம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்.

ஆயா, நான் டாக்டர் இல்லை, மருத்துவச்சி. நர்ஸ் படிப்பு முடித்தவர்கள் மேலே படிக்கிற படிப்பு இது. இங்கே பிரசவ அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறோம். வலி வந்தவர்கள் நடக்கிறார்கள், குந்துகிறார்கள், சுவரில் கை ஊன்றிச் சாய்கிறார்கள், பெரிய ரப்பர் பந்துமேல் உட்கார்ந்து ஆடுகிறார்கள். எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதுதான் எனக்கு வரவே இல்லை. நம் வீட்டு ரத்தம் அப்படி.

ஆபரேஷன் தப்பில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் நானே ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுவேன். ஆனால் இறாலுக்காக வேண்டாம் ஆயா. கடைசி வாரங்களில்தான் பிள்ளை மூச்சுவிடத் தயாராகிறது, சதை போடுகிறது. காரணம் இல்லாமல் எடுத்தால் அதற்குத்தான் திண்டாட்டம்.

எல்லாரும் முடிவு செய்தீர்கள், சரி. அண்ணியைக் கேட்டீர்களா?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
செவ்வந்தி

---

கோட்டைக்குப்பம்
12-11-2024

கண்ணு செவ்வந்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, முகத்துவாரம் திறந்துவிட்டது. உன் நைனாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான். அதனால் படகு, பாடு எல்லாம் இப்போது பூபதி தலையில்.

உன் கடிதம் படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. நடப்பதும் குந்துவதும் சுவரைப் பிடிப்பதும்! என் ஆறு பிள்ளைக்கும் நான் அதைத்தானே செய்தேன்? வீட்டில் கட்டில் இல்லை, அதனால் செய்தேன். பந்து ஒன்றுதான் குறை. இதைப் படிக்கவா உன் நைனா உன்னை ரயிலேற்றி அனுப்பினான்? பக்கத்து வீட்டுச் செல்வம்மாளிடம் சொன்னால், "இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போயி? குந்துறதுக்கா?"ன்னு கேட்பாள். டாக்டர் என்பதே இருக்கட்டும்.

நான் கஷ்டப்பட்டேன். கீதா படக்கூடாது. படுத்தாள், எழுந்தாள், பிள்ளை கையில் என்று இருக்கட்டுமே.

கீதாவைக் கேட்டாயா என்கிறாய். கீதா நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று மடவைக் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கால் வீக்கம் இல்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு படு.

ஆயா

---

ஹைதராபாத்
22-11-2024

ஆயாவுக்கு,

சுகம். உன் சுகத்தையும் எழுது, மழையைப் பற்றி மட்டும் எழுதாதே.

நான் கேட்டது மடவைக் குழம்பைப் பற்றி இல்லை.

நேற்று ஒரு பெண் வலியோடு வந்தாள். என் வயதுதான். "உனக்கு என்ன வேணும்?" என்று தெலுங்கில் கேட்டேன். மிரண்டு போய் மாமியாரைப் பார்த்தாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லையாம். வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஜன்னலைத் திறக்கணும்" என்றாள். திறந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சம் எல்லாம் அவள் செய்தாள். பிள்ளையை மார்மேல் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ கஷ்டப்பட்டேன் என்கிறாய். வலியா கஷ்டம், இல்லை பக்கத்தில் ஆள் இல்லாததா? எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணியிடம் அந்த ஒரே கேள்வியைக் கேள். அம்மா இல்லாதபோது, அண்ணன் இல்லாதபோது, தனியாகக் கேள். அவள் ஆபரேஷன்தான் வேண்டும் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

செவ்வந்தி

---

ஹைதராபாத்
18-12-2024

ஆயா,

ஒரு மாதமாக உன் எழுத்தைக் காணோம். கோபமா? உடம்பா? அம்மாவிடம் போனில் கேட்டால், "உன் ஆயா வூட்லயே தங்குறதில்ல, இன்னா பண்ணுதுன்னே தெர்ல"ன்னு சொல்கிறாள். போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அதற்கு என்னைத் திட்டியாவது எழுது.

ஆபரேஷனுக்குக் குறித்த ஜனவரி நான்கு நெருங்குகிறது. எனக்குப் பாடமே ஏறவில்லை.

செவ்வந்தி

---

கோட்டைக்குப்பம்
24-12-2024

கண்ணு செவ்வந்திக்கு,

இங்கே சுகம். கோபம் ஒன்றுமில்லை. கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். பூபதியின் முறையை இன்னொரு வலைக்காரன் குப்பனுடன் மாற்றிக்கொண்டாயிற்று. குப்பனுக்குத் தை இருபத்தொன்றில் முறை, அது இனி நமக்கு. நர்சிங் ஹோமுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம். கீதாவுக்கு இனி சர்க்கார் ஆஸ்பத்திரிதான். அங்கே ஆரோக்கியமேரி என்று ஒரு நர்ஸ், உன்னைப் போலவே பந்துப் பைத்தியம்.

கால் வலிக்கிறது, இத்துடன் முடிக்கிறேன். கீதாவும் ஒரு தாள் வைக்கிறாளாம்.

ஆயா

(அதே உறையில்)

அன்புள்ள செவ்வந்திக்கு உன் அண்ணி கீதா எழுதுவது. நான் நலம், பிள்ளை விலாவில் உதைத்துக்கொண்டே இருக்கிறது.

ஆயா நடந்ததை எழுதியிருக்காது. நான் எழுதுகிறேன்.

ஒரு நாள் நண்டு ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆயா வீட்டில் இருந்தவர்களையெல்லாம் ஆளுக்கொரு வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உனுக்கு இன்னாடி வேணும்? ஒளிக்காம சொல்லு"ன்னு கேட்டது. நான் மெதுவாகச் சொன்னேன். "இன்னா?" இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "இன்னா?" கடைசியில் வாயைப் பெரிதாக அசைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன்: "எனுக்கு ஆபரேசன் வேணாம் ஆயா! பயமாத்தான் கீது! ஆனா புள்ள தானா வரட்டும்!"

கதவைத் திறந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. முன்னால் செல்வம்மாள். உன் அண்ணன் வலையைத் தோளில் போட்டபடி திகைத்து நிற்கிறார். "என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். "நீ கேட்டியா?" என்றேன்.

அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். பொம்பளைகள் யாரும் பேசுகிற இடமில்லை, தெரியும்தானே. ஆயா போய் நடுவில் நின்றது. முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டது. தலைவர் தேவதாஸ் மாமா, "சாவுக்கு மாத்தித் தருவோம். பொறப்புக்கு மாத்துற வழக்கமில்ல. இப்பத்தான் தேதி சொல்லி எடுக்குறாங்களே, முன்னாடியே எடுத்துக்கினா முடிஞ்சிது"ன்னார். ரஞ்சித் அதை மண்ணில் எழுதிக் காட்டினான்.

ஆயா பிடித்துக்கொண்டது. "சாவு உங்களாண்ட தேதி கேட்டுக்கினா வருது? அதுக்கு வழி வுடுறீங்க இல்ல? பொறக்குறது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? வயித்துல கீற புள்ளைய உங்க வலைக்கு ஏத்தா மாதிரி புடுங்கி எடுக்கணுமா?"

"உக்காரு ஆயா"ன்னு நாலு பேர் கத்தினார்கள். ஆயாவுக்குத்தான் காது கேட்காதே. பேசிக்கொண்டே இருந்தது. உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். கடைசியில் குப்பன் எழுந்து, "என் மொறைய குடுத்துடறேன் பா. இல்லன்னா இது பொங்கலு வரைக்கும் பேசும்"னான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முடிந்தது.

உன் கடிதத்தை ஆயா தலையணைக்குள் வைத்திருக்கிறது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

கீதா

---

ஹைதராபாத்
2-1-2025

என் தங்க ஆயாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். ஹாஸ்டல் வராந்தாவில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்ததில் பக்கத்து அறைப் பெண் தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் அலைச்சல்" என்று எழுதியிருக்கிறாய். ஆகட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணியைத் தினமும் நடக்கச் சொல். பிள்ளை அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் போனாலோ, ரத்தம் பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. தைரியம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பிரசவ அறைக்குள் அவளோடு ஒரு பெண் துணை இருக்கலாம். யார் என்பதை அவளே சொல்லட்டும். இது முக்கியம்.

உன் செவ்வந்தி

---

கோட்டைக்குப்பம்
13-1-2025

கண்ணு செவ்வந்திக்கு,

நாளைக்குப் பொங்கல். வீடு வெள்ளையடித்தாயிற்று. எல்லாரும் சுகம், சண்டையும் சுகமாக நடக்கிறது.

உள்ளே யார் போவது என்பதுதான் சண்டை. உன் அம்மா எல்லம்மா, மாமியார் என்ற முறையில் நான்தான் என்றாள். பசியாவரத்திலிருந்து கீதாவின் அம்மா படகேறி வந்து, பெற்றவள் நான் என்றாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். கீதா என்னைக் கைகாட்டினாள்.

"ஆயா வரட்டும். நான் கத்துனா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்க, உங்கள நான் தேத்திக்கினு இருக்கணும். ஆயாவுக்குக் கேக்காது. நான் இஷ்டத்துக்குக் கத்துவேன்"ன்னு காகிதத்தில் எழுதி எல்லாருக்கும் காட்டினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபோது நர்ஸ் ஆரோக்கியமேரி, "பாட்டிக்கு முட்டி வலியாச்சே"ன்னு யோசித்தாள். என்னை அந்தப் பந்துமேல் உட்கார வைத்துக் காட்டினாள். செவ்வந்தி, அது நல்ல சாமான். முட்டிக்கு இதமாக இருக்கிறது. இறங்க மனம் வரவில்லை. கீதாவுக்கு வேண்டுமாம், பிடுங்கிக்கொண்டார்கள்.

எது கஷ்டம் என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில். வலி இல்லை. ஆள் இல்லாததுதான்.

பொங்கல் நாளில் பட்டினி கிடக்காதே.

ஆயா

---

கோட்டைக்குப்பம்
26-1-2025

செவ்வந்திக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நாள் தாண்டிவிட்டது. பிள்ளை வரவில்லை. நம் பழைய முறையில் குப்பன் போய்க் கூடை கூடையாக இறால் கொண்டு வருகிறான். பூபதி கரையில் நிற்கிறான். மாற்றாமல் இருந்திருந்தால் அவனே போய் அள்ளி வந்திருப்பான்! இன்னும் தள்ளிப்போனால் குப்பன் கொடுத்த முறையும் தீட்டில் போகும். செல்வம்மாள், "இன்னா இருசக்கா, உங்க புள்ள ரெண்டு மொறையையும் பாத்துட்டுத்தான் வருமா?"ன்னு வாயைப் பெரிதாக அசைத்துக் கேட்டாள், எனக்குப் புரிய வேண்டுமாம்.

நேற்றுப் பூபதி நர்சிங் ஹோம் பேச்சை மறுபடி எடுத்தான். எனக்கும் ஒரு நிமிஷம் மனம் ஆடிவிட்டது. கீதா முகத்தைப் பார்த்தேன். அவள் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தாள். "நீ போயி வலையப் பாரு"ன்னு அவனைத் துரத்திவிட்டேன்.

சரியாகத்தானே செய்தேன்? உடனே எழுது.

ஆயா

---

ஹைதராபாத்
29-1-2025

ஆயாவுக்கு,

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். உனக்கு எழுத்தில் இருந்தால்தான் நிம்மதி என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சரியாகத்தான் செய்தாய். நாள் என்று எழுதிக் கொடுப்பது ஒரு உத்தேசம்தான், ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஆரோக்கியமேரி அக்கா சொன்ன நாட்களில் போய்ப் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் டாக்டர் வலி வர வைக்கலாம் என்றால் சம்மதியுங்கள். அது பிள்ளைக்காகச் சொல்வது.

நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் பாடம் இன்னும் வரவில்லை.

செவ்வந்தி

---

கோட்டைக்குப்பம்
7-2-2025

என் கண்ணு செவ்வந்திக்கு, உன் ஆயா கொள்ளுப்பாட்டி ஆகி எழுதும் முதல் கடிதம்.

உன் விரைவுத் தபால் வந்தபோது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. பெண். போன மாதம் முப்பதாம் தேதி. மூன்றே கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம், நானும் சுகம். போனில் எல்லாம் கேட்டிருப்பாய். உள்ளே நடந்தது எனக்குத்தான் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

விடிந்ததும் வலி வந்தது. ஆட்டோவில் போனோம். ஆரோக்கியமேரி கட்டிலை ஓரம் தள்ளினாள். கீதா நடந்தாள், பந்தில் ஆடினாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நான் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா சொல்றா?"ன்னு கேட்டேன். "உங்க பேரனத்தான் திட்டுறா பாட்டி. எழுத முடியாது"ன்னு கையாட்டினாள்.

நடுவில் கீதா சோர்ந்துவிட்டாள். முடியாது என்று தலையை ஆட்டினாள்.  ஆரோக்கியமேரி பதறவில்லை. பிள்ளையின் துடிப்பைப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று விரலைக் காட்டினாள், கீதாவுக்கு ஒரு வாய் இளநீர் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேறு ஒன்றுமே செய்யவில்லை. செவ்வந்தி, அப்போதுதான் உன் படிப்பு எனக்குப் புரிந்தது. நான் என் ஆறு பிள்ளைக்கும் அப்படி ஒருத்தியைத்தான் தேடினேன்.

பிறகு கீதா தானாகவே இறங்கிக் குந்தினாள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. நகம் பட்ட தடம் இன்னும் இருக்கிறது, எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளை வந்துவிட்டது. கீதா மார்மேல் போட்டார்கள். அழுகிறது என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீதா என் கையை எடுத்துப் பிள்ளை முதுகில் வைத்தாள். உள்ளங்கையில் அந்த அழுகை தடதடவென்று ஓடியது. காது இருந்திருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் கேட்டிருக்காது.

பாடு என்ன ஆயிற்று என்று கேட்பாய். போயிற்று. குப்பன் கொடுத்த முறையும் தீட்டில் போய்விட்டது. குப்பனே வந்து வாசலுக்கு வெளியே நின்று, "பொறக்கும்போதே ரெண்டு மொறையத் தின்னுட்டாளே, பெரிய ஆளா வருவா"ன்னு சிரித்துவிட்டு ஒரு கூடை இறால் வைத்துவிட்டுப் போனான். தேவதாஸும் ஆள் அனுப்பினான். அடுத்த சுற்றிலிருந்து சாவுக்கு மாற்றுவது போலப் பிறப்புக்கும் மாற்றித் தருவார்களாம், பிள்ளை எந்த நாளில் பிறந்தாலும். நான் மறுபடி கூட்டத்துக்கு வந்துவிடக் கூடாதாம், அது ஒன்றுதான் நிபந்தனை.

பூபதி முகம் தொங்கும் என்று பயந்தேன். ஏரியில் இறங்கக் கூடாது, வலையைத் தொடக் கூடாது, வேறு என்ன செய்வான்? பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். துணி அலசுகிறான், கீதாவுக்கு வெந்நீர் வைக்கிறான். ஒன்பது நாளாக மகள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நைனா பாரு, நைனா பாரு"ன்னு அவன் கொஞ்சுவதை ரஞ்சித் எனக்கு எழுதிக் காட்டுகிறான். இந்தக் குப்பத்தில் எந்தத் தகப்பனுக்கு இது கிடைத்திருக்கிறது? உன் நைனா நீ பிறந்தபோது கடற்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தான்.

குப்பன் மருமகளுக்கு மூன்று மாதம். நேற்று வந்து கீதா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள். இன்னும் இரண்டு பெண்கள் கேட்டிருக்கிறார்கள். "யாரு ஆயா இதெல்லாம் சொன்னது?"ன்னார்கள். "என் பேத்தி. மருத்துவச்சி"ன்னு சொன்னேன். செல்வம்மாள் உட்பட யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருக்கிற உன் படத்தைக் காட்டினால், ரிப்பன் கட்டின பத்தாங்கிளாஸ் பிள்ளையைப் பார்த்து நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆகவே நீ அந்த வெள்ளைக் கோட்டும் பந்துமாக, வாய்விட்டுச் சிரித்தபடி, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, வளையாமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, உடனே தபாலில் அனுப்பு.

உன் ஆயா,
இருசம்மாள்